உதட்டைச் சுட்ட ஒலிவாங்கி

எமது ஸ்பிரிங்வெளியில் அடைமழை பிடித்தால் முதலில் போவது மின்சாரம். அடுத்துப் போவது கைத்தொலைபேசியின் சிக்னல். பிறகு பாதையும் போய்விடும். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதையுண்டதை எங்கள் பெண்கள் இன்னும் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டம் மீண்டும் பல உயிர்களைப் பறிகொடுத்தது. "ஆபத்து என்று யாருக்குச் சொல்வது, எதால் சொல்வது?" என்ற கேள்விதான் சமூகப் பணியாளரான என்னை அமெச்சூர் வானொலியின் பக்கம் கொண்டு சென்றது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சை எழுதி, அனுமதிப்பத்திரம் பெற்று, பழைய கருவி ஒன்றை வாங்கினேன்.

இது ஆண்களின் பொழுதுபோக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது அந்தமானின் போர்ட் பிளேயரில் தொலைபேசிகள் செயலிழந்தன. அங்கிருந்து தகவல்களை வெளியே கொண்டு சேர்த்தவர்களில் ஒருவர் பாரதி பிரசாத் என்ற இந்தியப் பெண். அதே நாட்களில் இலங்கை வானொலிச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் அம்பாந்தோட்டையைச் சிற்றலை மூலம் கொழும்புடன் இணைத்தார்கள்.

என்னிடம் இதைக் கற்க முதலில் வந்தவர் பக்கத்துக் காம்பிராவில் இருக்கும் அக்கா. 1977 கலவரத்துக்குப் பின் அவருடைய பெற்றோர் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போனவர்கள். அக்கா அங்கே பிறந்து வளர்ந்து, 2009இல் கணவரை இழந்து, பிள்ளையுடன் மாமி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பொருளாதாரத் தடைக்காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர். ஆனால் பேசும் கருவி என்றால் அவருக்குப் பயம். அந்த நாட்களில் அப்படி ஒன்றை வைத்திருப்பதே சந்தேகத்துக்குக் காரணம் அல்லவா?

ஒரு மாலை நான் பேசத் தொடங்கியதும் ஒலிவாங்கியின் உலோகப் பகுதி உதட்டில் ஊசி போல் குத்தியது. தேநீர் கொண்டுவந்த அக்காவின் கை கருவியின் ஓரத்தில் பட, அவர் துள்ளி விலகினார். மறுமுனையில் இருந்த சிங்கள நண்பர், "உங்கள் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது போல் உடைகிறது" என்றார்.

"வேண்டாம் தங்கச்சி. நான் தொட்ட நேரந்தான் இப்படி. எனக்கு இந்தச் சாமான் சரிவராது" என்று அக்கா எழுந்துவிட்டார்.

அவருடைய அந்தச் சொல் என்னை நிறுத்தியது. எது பழுதானாலும் அதைத் தம் தலையில் போட்டுக்கொள்ளும் பெண்களை நான் தினமும் சந்திக்கிறேன். "இருங்க அக்கா, ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்" என்றேன்.

முதலில் பார்க்க வேண்டியது வீட்டு மின்சாரம். அது கசிந்தால் உயிருக்கே ஆபத்து. மின்னேற்றியைச் சுவரிலிருந்து கழற்றி, 12 வோல்ற் பற்றரியில் மாத்திரம் கருவியை இயக்கினோம். அப்போதும் குத்தியது, அதுவும் பேசும்போது மட்டும். ஆகவே காரணம் வீட்டு மின்சாரம் அல்ல. அடுத்து 100 வோட் வலுவை 10 வோட்டாகக் குறைத்தோம். குத்தல் நின்றது. கருவி அனுப்பும் வானொலி அலைதான் எங்களிடம் திரும்பி வருகிறது என்று புரிந்தது.

மூன்றாவதாக, அன்டெனாக் கம்பியைக் கழற்றிவிட்டு, வலுவை வெப்பமாக்கி விழுங்கும் போலிச் சுமையைப் பொருத்தி, மீண்டும் 100 வோட்டில் பேசினேன். குத்தலும் இல்லை, குரலும் உடையவில்லை. அப்படியானால் ஒலிவாங்கியிலும் பழுதில்லை, கருவியிலும் பழுதில்லை. தவறு அன்டெனாவில். அதைக் கட்டியவள் நான்!

10 மீற்றர் கம்பி ஒன்றை ஜன்னல் வழியே வெளியே இழுத்துக் கட்டியிருந்தேன். 40 மீற்றர் அலைவரிசைக்கு அது பாதி அன்டெனாதான். மறுபாதி இல்லாததால், மின்னோட்டம் கருவியின் உடலையும் ஒலிவாங்கி வயரையும் மறுபாதியாக்கிக்கொண்டது. ஒலிவாங்கிக்குள் புகுந்த அலை குரலோடு கலந்து மீண்டும் பெருகி வெளியே போனது. திருவிழாவில் ஒலிபெருக்கி தன் சத்தத்தைத் தானே வாங்கி ஊளையிடுவதற்கு இது உறவு.

"கான் அடைபட்டால் தண்ணி வாசலுக்குள்ளே வாற மாதிரி" என்றார் அக்கா. நான் சொல்லியிருந்தால் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

மறுநாள் 10 மீற்றரில் இன்னொரு கம்பி வெட்டினோம். இரண்டையும் வீட்டை விட்டு விலக்கி, இரு யூக்கலிப்டஸ் மரங்களுக்கு இடையே, நடுவில் கேபிள் தொங்கும்படி கட்டினோம். கேபிளின் வெளிப்புறத்தால் அலை திரும்பாதபடி, அன்டெனாவுடன் சேரும் இடத்தில் சுமார் ஆறரை மீற்றர் கேபிளை 10 சுற்றாகச் சுற்றிக் கட்டியது அக்காதான். ஒலிவாங்கி வயரில் பெரைற் வளையம் ஒன்றையும் மாட்டினோம். பாதுகாப்புக்கான நிலத்தொடுப்பு வயரை மட்டும் தொடவில்லை. இத்தகைய தொல்லைக்காக அதை எவரும் துண்டிக்கக் கூடாது.

அன்று மாலை 100 வோட்டில் பேசினேன். உதடு சுடவில்லை. "இப்போது பக்கத்தில் இருந்து பேசுவது போல் கேட்கிறது" என்றார் நண்பர். அக்கா கருவியின் ஓரத்தில் கையை வைத்து, எடுக்காமலே இருந்தார்.

இப்போது அவர் பரீட்சைக்குப் படிக்கிறார். அனுமதிப்பத்திரம் கிடைக்கும்வரை பேச மாட்டார், கேட்டுக் குறிப்பெடுப்பார். சென்ற வாரம் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கியது. மின்னலுக்கு அன்டெனாவைக் கழற்ற வேண்டுமே என்று களப்பணியிலிருந்து நனைந்து ஓடி வந்தேன். கேபிள் ஏற்கெனவே கழற்றப்பட்டு வாசலுக்கு வெளியே கிடந்தது. "நீ வரும்வரைக்கும் இடி நிற்குமா தங்கச்சி?" என்று அக்கா தேநீரை நீட்டினார்.