நாடியினுட் கதிர்வீச்சும் நாள்தோறும் மாத்திரையும்

ஒடுங்கிய முடியுரு நாடியினுள் சிறு பலூனைச் செலுத்தி ஊதி விரிக்கும் சிகிச்சையை அந்திரேயாஸ் குறூன்ற்சிக் 1977 செப்டெம்பரில் சூரிச் நகரில் முதன்முதலாகச் செய்தார். நெஞ்சைப் பிளவாத இச்சிகிச்சைக்கும் ஒரு குறை இருந்தது. விரித்த நாடிகளில் ஏறத்தாழ மூன்றிலொன்று ஆறு மாதத்துள் மீண்டும் ஒடுங்கியது. 1986 முதல் பொருத்தப்பட்ட ஸ்டென்ட் எனும் உலோக வலைக்குழாய் இதனைக் குறைத்ததேயன்றி ஒழிக்கவில்லை.

பலூன் நாடிச்சுவரைக் காயப்படுத்துகிறது. அக்காயத்தை ஆற்ற முனையும் மழமழப்பான தசைக்கலங்கள் அளவிறந்து பெருகி வழியை அடைக்கின்றன. கவ்வாத்து வெட்டிய தேயிலை முன்னினும் செழித்துத் துளிர்ப்பதைக் கினிகத்தேனைத் தோட்டங்களிற் கண்டோர்க்கு இது புதிரன்று. தேயிலையில் நாம் விரும்புவது நாடியில் ஆகாது, அவ்வளவே.

பெருகும் கலங்களைக் கதிர்வீச்சுத் தடுக்கும் என்பது புற்றுநோய் மருத்துவம் தந்த பாடம். அதனைக் கொண்டு 1990களில் இரிடியம்-192, ஸ்துரொன்சியம்-90 போன்ற கதிர்த்தொழிற்பாட்டு மூலங்களை மெல்லிய குழாய்வழியே ஒடுங்கிய இடத்துக்குச் செலுத்தி, சில நிமிடங்களின் பின் மீளப்பெற்றனர். ஸ்துரொன்சியத்தின் பீற்றாக் கதிர் சில மில்லிமீற்றருடன் அடங்கிவிடும். இரிடியத்தின் காமாக் கதிருக்கோ மருத்துவரே அறையைவிட்டு அகலவேண்டும். ஸ்டென்டினுள் மீள ஒடுங்கியோர் பலர் பயன்பெற்றனர். 2000 நவம்பரில் அமெரிக்கா இருவகைக் கருவிகளையும் அங்கீகரித்தது.

ஆயினும், கதிர்வீச்சு வேண்டாத வளர்ச்சியை மட்டும் தேர்ந்து நிறுத்துவதில்லை. நாடியின் உள்ளணிக் கலங்கள் வளர்வதும் தாமதமாகிறது. உலோகம் மூடப்படாமற் குருதியில் வெளிப்பட்டுக் கிடக்கிறது. மாதங்கள் கழித்தும் அங்கே குருதி உறைந்து நாடி திடீரென அடைபடலாம். ஆகவே அஸ்பிரினுடன் குளோபிடோகிரெலையும் நீண்டகாலம் நாள் தவறாது உட்கொள்ள நேர்ந்தது. சிகிச்சையின் பாரம் கருவியிலிருந்து நோயாளியின் கைக்கு மாறியது இங்கேதான்.

2003 இல் சிரோலிமஸ் எனும் மருந்து கசியும் ஸ்டென்ட் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றதும் கதிர்வீச்சு முறை பெரும்பாலும் ஒதுங்கியது. பன்முறை ஒடுங்கிய சிலருக்கே இன்று அது கையாளப்படுகிறது. பாரம் மட்டும் நீங்கவில்லை. இம்மருந்தும் காயம் ஆறுவதைத் தாமதிப்பதே. எனவே இரட்டை மாத்திரை இன்றும் மாதக்கணக்கில் வேண்டியதாகிறது.

கண்டியிலோ கொழும்பிலோ ஸ்டென்ட் பொருத்தித் தோட்டத்து லயத்துக்குத் திரும்பும் தொழிலாளிக்குக் கிளினிக் நாள் பெயர் விழாத நாள். மாத்திரை தீர்ந்தும் நெஞ்சுநோவு இல்லையெனில், ஒருநாட் சம்பளத்தை இழந்து மலையிறங்க அவர் ஏன் எண்ணப் போகிறார்? அவர் வீடு திரும்பும்போது தமிழில் எழுதிக் கொடுக்கவேண்டியது இதுதான்: நோவு இல்லையென்றாலும், பல் பிடுங்கச் சென்றாலும், இதய வைத்தியரைக் கேளாமல் இவ்விரு மாத்திரைகளையும் நிறுத்தலாகாது.