ரொட்டிக்குப் பருப்பு ஏன்?

மண்சரிவுக்குப் பயந்து லயத்தை விட்டு வந்த குடும்பங்களில், காசு முட்டுப்படும்போது முதலில் குறைவது பருப்புத்தான். தாய்மாரை நாம் குறைசொல்வதற்கில்லை. ரொட்டியும் சம்பலும் பசியை அடக்கிவிடும்.

ஆனால் பிள்ளையின் தசை வளர லைசின் என்ற அமினோ அமிலம் வேண்டும். 1889இல் ஜெர்மானியர் டிரெக்செல் பாற்புரதத்திலிருந்து பிரித்தெடுத்த இதை நமது உடல் தானாக உண்டாக்காது. 100 கிராம் கோதுமைப் புரதத்தில் இது 3 கிராமுக்கும் குறைவு. மைசூர்ப் பருப்புப் புரதத்திலோ ஏறத்தாழ 7 கிராம். லைசின் போதாவிட்டால் மற்ற அமினோ அமிலங்களும் தசையாகாமல் எரிந்துபோகும். பருப்பில் குறைவான மெதியோனினைக் கோதுமை மா ஈடுசெய்கிறது.

ரொட்டியைக் கருகவிட்டால் இருக்கிற லைசினும் கெடும். இரண்டையும் ஒரே வேளையில் உண்ண வேண்டியதில்லை. காலையில் ரொட்டி, இரவில் பருப்பு என்றாலும் சரிதான்.