குடும்ப வன்முறை: போலீஸ், ஜெயில் மட்டும் போதுமா? கனடா பூர்வகுடிகளின் ‘வட்டம்’ சொல்லும் பாடம்

நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருக்கின்றன. உள்ளே ஒரு வட்டம், அதைச் சுற்றி இன்னொரு வட்டம். ஒரு கழுகு இறகு கைமாறிக்கொண்டே வருகிறது. இறகு யார் கையில் இருக்கிறதோ, அவர் மட்டும்தான் பேசலாம். மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். வட்டத்தில் பாதிக்கப்பட்டவர் இருக்கிறார், அவரைக் காயப்படுத்தியவர் இருக்கிறார், இருவரின் உறவினர்கள் இருக்கிறார்கள், ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். நீதிபதியும் உயரமான மேடையில் இல்லை, அதே வட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

இது ஏதோ படக் காட்சி இல்லை. கனடாவின் மானிடோபா மாகாணத்தில், ஹாலோ வாட்டர் என்ற பூர்வகுடி ஊரில் 1993 டிசம்பரில் இப்படித்தான் ஒரு நீதிமன்ற அமர்வு நடந்தது. குடும்பத்துக்குள் நடக்கும் வன்முறையைத் தடுக்க, அதன் காயத்தை ஆற்ற, உலகம் முழுவதும் பூர்வகுடிச் சமூகங்கள் நடத்தும் திட்டங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த ஊரின் பெயர் வந்துவிடும்.

‘அட, இது நம்ம ஊர்ப் பஞ்சாயத்து மாதிரிதானே?’ என்று உங்களுக்குத் தோன்றலாம். நியாயமான சந்தேகம்தான். அதற்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில், பிரச்சினை எவ்வளவு பெரியது?

கனடாவின் புள்ளியியல் துறை 2018-ல் நடத்திய ஆய்வில், பூர்வகுடிப் பெண்களில் 61 சதவீதம் பேர் கணவர் அல்லது துணையிடமிருந்து வாழ்நாளில் ஒருமுறையாவது உடல், மன அல்லது பாலியல் ரீதியான வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். பூர்வகுடி அல்லாத பெண்களிடையே இது 44 சதவீதம். அதுவும் குறைவான எண் இல்லை என்பதைக் கவனியுங்கள். குடும்ப வன்முறை எல்லாச் சமூகத்திலும் இருக்கிறது. ஆனால் பூர்வகுடிப் பெண்கள் மேல் அதன் சுமை கூடுதலாக விழுகிறது.

ஏன் கூடுதலாக? பதில் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது

1880-களில் தொடங்கி 1990-களின் பிற்பகுதி வரை, கனடா அரசும் கிறிஸ்தவ சபைகளும் சேர்ந்து பூர்வகுடிப் பிள்ளைகளுக்காக உறைவிடப் பள்ளிகளை நடத்தின. சுமார் ஒன்றரை லட்சம் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு அங்கே வளர்ந்தார்கள். தாய்மொழியில் பேசினால் தண்டனை. அடி, பசி, பாலியல் கொடுமை. 2008 ஜூன் 11 அன்று கனடா பிரதமர் நாடாளுமன்றத்தில் இதற்காக மன்னிப்புக் கேட்டார். உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015-ல் இதை ‘பண்பாட்டு இனப்படுகொலை’ என்று குறிப்பிட்டது.

இதற்கும் வீட்டுக்குள் நடக்கும் வன்முறைக்கும் என்ன சம்பந்தம்? ஐந்து வயதில் பிரிக்கப்பட்டு, பதினாறு வயதில் வீடு திரும்பும் ஒரு பையனை யோசித்துப் பாருங்கள். அப்பா எப்படி இருப்பார், அம்மாவிடம் எப்படிப் பேசுவார் என்று அவன் பார்த்ததே இல்லை. பார்த்ததெல்லாம் அடிக்கிற வார்டன்தான். அவனும் அப்பாவாகிறான். தெரிந்ததைத்தான் செய்கிறான். இப்படியே இரண்டு மூன்று தலைமுறை.

பிள்ளைகளைப் பிரித்ததோடு சடங்குகளுக்கும் தடை போட்டார்கள். மேற்குக் கரை மக்களின் ‘பாட்லாட்ச்’ விழாவை 1880-களில் சட்டம் போட்டுத் தடை செய்தார்கள். அந்தத் தடை 1951 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது. துக்கத்தை ஆற்றவும் பகையைத் தீர்க்கவும் சமூகம் வைத்திருந்த கருவிகளையே பிடுங்கிக்கொண்டார்கள் என்று அர்த்தம். அதனால்தான் அவற்றை மீட்டெடுப்பதையே சிகிச்சையின் ஒரு பகுதியாக இந்தத் திட்டங்கள் பார்க்கின்றன.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். காரணம் வேறு, சாக்கு வேறு. ‘எனக்கு நடந்தது, அதனால் நானும் செய்தேன்’ என்பதை இந்தத் திட்டங்கள் காரணமாகக் கேட்டுக்கொள்கின்றன. சாக்காக ஏற்பதில்லை.

போலீஸுக்குப் போகலாமே?

போகலாம். ஆனால் போனால் என்ன ஆகும் என்ற பயம் பூர்வகுடிப் பெண்களுக்கு அதிகம். 2016 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, கனடாவில் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் பூர்வகுடிகள் 7.7 சதவீதம்தான். ஆனால் வளர்ப்பு இல்லங்களில் இருக்கும் அதே வயதுப் பிள்ளைகளில் 52.2 சதவீதம் பேர் அவர்கள். ‘கணவன் அடிக்கிறான்’ என்று ஒரு தாய் புகார் கொடுத்தால், அதிகாரிகள் வந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். பாட்டி காலத்தில் பள்ளிக்கூட வண்டி வந்தது, இப்போது குழந்தைகள் நலத்துறை வண்டி வருகிறது. அப்புறம் யார் வாயைத் திறப்பார்கள்?

ஹாலோ வாட்டரின் கதையும் இந்த மௌனத்திலிருந்துதான் தொடங்குகிறது.

ஹாலோ வாட்டரில் என்ன நடந்தது?

வின்னிபெக் ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கும் அனிஷினாபே மக்களின் ஊர் அது. 1980-களின் நடுப்பகுதியில், அந்த ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் சுகாதாரம், குழந்தைகள் நலம், மது மீட்பு எனப் பல வேலைகளில் இருந்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். பேச வந்தது, இளைஞர்கள் குடிப்பதையும் தற்கொலைக்கு முயல்வதையும் பற்றி. தோண்டத் தோண்ட, குடிக்குக் கீழே வேறொன்று இருந்தது: குடும்பத்துக்குள் நடக்கும் பாலியல் வன்முறை. ஊரில் முக்கால்வாசிப் பேர் அதனால் பாதிக்கப்பட்டவர்கள், மூன்றில் ஒருவருக்கு மேல் மற்றவரைப் பாதித்தவர்கள் என்று அந்தக் குழுவே பின்னாளில் மதிப்பிட்டது.

அந்த அதிர்ச்சி குழுவுக்குள்ளேயே இருந்தது. உறுப்பினர்கள் பலரும் சிறுவயதில் அதே கொடுமையை அனுபவித்தவர்கள். ஆகவே மற்றவர்களுக்கு உதவும் முன்பு, அவர்கள் தங்கள் கதைகளை ஒருவருக்கொருவர் சொன்னார்கள். அழுதார்கள், பயிற்சி எடுத்தார்கள். இதற்கே சில வருடங்கள் ஆயின. இன்றும் இப்படிப்பட்ட திட்டங்களை நடத்துபவர்களுக்கு முதல் பாடம் இதுதான்: உன் காயத்தைப் பார்க்காமல் அடுத்தவர் காயத்தைத் தொடாதே.

13 படிகள்: எப்படி வேலை செய்கிறது?

அவர்கள் உருவாக்கிய நடைமுறையில் 13 படிகள். முழுதாக முடிய ஐந்து வருடம் வரைகூட ஆகலாம். சுருக்கமாக:

• யாராவது நடந்ததைச் சொன்னவுடன், முதல் வேலை பாதிக்கப்பட்டவரின் பாதுகாப்பு. அவருக்கென்று தனியாக ஒரு பணியாளர் துணை நிற்பார்.

• அதன் பிறகுதான் குற்றம் செய்தவரைக் குழு சந்திக்கும். அவருக்கும் துணையாகத் தனியாக ஒருவர். இரு தரப்புக் குடும்பங்களுக்கும் அப்படியே.

• போலீஸுக்குத் தகவல் போகும், வழக்குப் பதிவாகும். குற்றம் செய்தவர் முன் இரண்டு வழி. நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு குழுவின் திட்டத்துக்குள் வரலாம். இல்லையென்றால் தனியாக வழக்கைச் சந்திக்கலாம். அதில் குழு துணைக்கு வராது.

• ஒப்புக்கொண்டவர் தான் செய்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முதலில் குழுவிடம். பிறகு தன் மனைவி, பிள்ளைகளிடம். பிறகு அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் முன். கடைசியில் ஊர் முன்.

• தண்டனையைத் தீர்மானிக்கும் வட்டம். அதன் பிறகு அவர் ஒழுங்காக நடக்கிறாரா என்று தொடர் பரிசீலனை. கடைசிப் படி, தூய்மைப்படுத்தும் சடங்கு.

‘ஜெயிலுக்குப் போகாமல் தப்பிக்கிற வழி’ என்று நினைத்தால் தவறு. ஜெயிலில் யாரும் உங்களைப் பேசச் சொல்ல மாட்டார்கள். தண்டனைக் காலம் முடிந்தால் வெளியே வந்துவிடலாம். இங்கே, பெற்ற தாயின் முகத்தைப் பார்த்து ‘நான்தான் செய்தேன்’ என்று சொல்ல வேண்டும். ஜெயிலே பரவாயில்லை என்று அதைத் தேர்ந்தெடுக்கும் ஆட்களும் உண்டு.

அந்த இரண்டாவது சுற்று

தொடக்கத்தில் பார்த்த அந்த வட்டத்துக்குத் திரும்புவோம். இறகு பல சுற்று வரும். முதல் சுற்றில், ‘நான் ஏன் இங்கே வந்தேன்’ என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள்.

இரண்டாவது சுற்றில் எல்லோரும் பேசுவது பாதிக்கப்பட்டவரிடம் மட்டும். ‘நடந்ததில் உன் தப்பு எதுவும் இல்லை’ என்பதை ஊரே, ஒருவர் பின் ஒருவராக, அவரிடம் சொல்லும்.

மூன்றாவது சுற்று குற்றம் செய்தவருக்கு. அவர் செய்தது தங்களையும் ஊரையும் என்ன செய்தது என்று அவரிடம் சொல்வார்கள். அடுத்த சுற்றில், அவரிடம் ஊர் என்ன எதிர்பார்க்கிறது, என்ன தண்டனை கொடுக்கலாம் என்ற பரிந்துரை. இறுதி முடிவு நீதிபதியுடையது.

வழக்கமான நீதிமன்றத்தில் பாதிக்கப்பட்டவருக்குக் கிடைப்பது குறுக்கு விசாரணை. ‘உன் தப்பு இல்லை’ என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

அப்படின்னா, இது கட்டப்பஞ்சாயத்து இல்லையா?

ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டப்பஞ்சாயத்தில் புகாரை வாபஸ் வாங்கச் சொல்வார்கள். ஹாலோ வாட்டரில் வழக்குப் பதிவான பிறகுதான் வட்டமே. அங்கே ‘குடும்ப மானம் முக்கியம், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ’ என்று பெண்ணிடம் சொல்வார்கள். இங்கே மாற வேண்டியவர் குற்றம் செய்தவர். அங்கே ஒரே நாளில் சமரசம். இங்கே வருடக்கணக்கில் கண்காணிப்பு, தவறினால் மறுபடி நீதிமன்றம்.

ஆனால் வட்டமாக உட்கார்ந்தாலே நியாயம் வந்துவிடாது. இந்த எச்சரிக்கையைக் கொடுத்ததும் பூர்வகுடிப் பெண்கள்தான். கனடாவின் வடகோடியில் வாழும் இன்யூட் பெண்களின் அமைப்பான பௌக்டூடிட், மனைவியை அடித்த வழக்குகளில் தண்டனை வட்டங்களைப் பயன்படுத்துவது பற்றி 1990-களிலேயே கேள்வி எழுப்பியது. சின்ன ஊர். எல்லோரும் சொந்தக்காரர்கள். அடித்தவர் செல்வாக்கானவர் என்றால், அவர் முன்னால் அந்தப் பெண் மனம் திறந்து பேசிவிட முடியுமா? ‘மன்னிச்சிடும்மா’ என்ற அழுத்தம் வராதா?

ஆக, பண்பாடு தானாகப் பாதுகாப்பு தராது. யார் அந்த வட்டத்தை நடத்துகிறார்கள், யார் பக்கம் முதலில் நிற்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நல்ல திட்டத்தை எப்படி அடையாளம் காண்பது?

தயாரிப்பு: வட்டத்தில் உட்காரும் முன்பே, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பல முறை பேசியிருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு விருப்பம் இல்லையென்றால் நேருக்கு நேர் சந்திப்பு கிடையாது.

அந்த மண்ணின் சடங்கு: கனடாவில் 600-க்கும் மேற்பட்ட பூர்வகுடிச் சமூகங்கள் இருக்கின்றன. அனிஷினாபே மக்கள் மூலிகைப் புகை போட்டு, சூடான கற்கள் வைத்த நீராவிக் குடிலில் அமர்வார்கள். இன்யூட் மக்களின் மரபு, சீல் கொழுப்பில் எரியும் ‘குலிக்’ விளக்கு. ஓர் ஊரின் சடங்கை இன்னோர் ஊரில் ஒட்ட வைத்தால் அது நாடகமாகிவிடும்.

கட்டாயம் கூடாது: பூர்வகுடிகளில் தீவிர கிறிஸ்தவர்கள் உண்டு. சடங்கு என்றாலே பயப்படும்படி பள்ளியில் வளர்க்கப்பட்டவர்களும் உண்டு. வேண்டாம் என்பவருக்கு வேறு வழி இருக்க வேண்டும்.

ஆண்களின் பங்கு: 2011-ல் பால் லேசர்ட்டும் அவர் மகள் ரேவனும் ‘மூஸ் ஹைடு’ இயக்கத்தைத் தொடங்கினார்கள். பல பூர்வகுடிப் பெண்கள் காணாமல்போனதால் ‘கண்ணீர் நெடுஞ்சாலை’ என்று பெயர் வாங்கிய சாலைக்கு அருகே, இருவரும் மூஸ் மான் வேட்டைக்குப் போயிருந்தபோது வந்த யோசனை அது. மானின் தோலில் ஒரு சின்னச் சதுரம் வெட்டி ஆண்கள் சட்டையில் குத்திக்கொள்கிறார்கள். ‘பெண்கள், குழந்தைகள் மேல் கை வைக்க மாட்டேன், வைப்பவரைப் பார்த்துச் சும்மா இருக்கவும் மாட்டேன்’ என்பது அதன் பொருள். வருடத்தில் ஒரு நாள் உண்ணாவிரதமும் இருக்கிறார்கள்.

சரி, பலன் இருக்கிறதா?

2001-ல் வெளியான ஆய்வின்படி, ஹாலோ வாட்டர் திட்டத்துக்குள் சுமார் பத்து ஆண்டுகளில் வந்த 107 குற்றவாளிகளில் மறுபடி குற்றம் செய்தவர்கள் இரண்டு பேர் மட்டுமே. அசத்தலான எண். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லா இடத்துக்கும் பொருத்திவிட முடியாது. ஒரு சின்ன ஊர், தானாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள், பல வருடம் உழைத்துத் தயாரான குழு என்ற மூன்றும் சேர்ந்த இடத்தின் கணக்கு அது.

இன்னொரு சிக்கல், பணம். உறைவிடப் பள்ளிகளால் வந்த காயங்களை ஆற்ற 1998-ல் 35 கோடி டாலரில் ‘பூர்வகுடி குணமாக்கல் அறக்கட்டளை’ தொடங்கப்பட்டது. நாடு முழுவதும் இப்படிப்பட்ட திட்டங்களுக்கு அது உதவியது. 2014-ல் அது மூடப்பட்டுவிட்டது. நூறு வருடம் பணம் கொடுத்து உண்டாக்கிய காயம், அதை ஆற்றக் கிடைத்த அவகாசம் பதினாறு வருடம்.

காணாமல்போன, கொல்லப்பட்ட பூர்வகுடிப் பெண்கள் பற்றிய தேசிய விசாரணை 2019-ல் அறிக்கை தந்தது. அதில் நீதிக்கான 231 அழைப்புகள். பூர்வகுடிகளே நடத்தும் சேவைகளுக்கு நிலையான நிதி வேண்டும் என்பது அவற்றில் திரும்பத் திரும்ப வரும் கோரிக்கை.

சட்டமும் சடங்கும் ஹாலோ வாட்டரில் ஒன்றுக்கொன்று எதிரியாக நிற்கவில்லை. பின்னால் போலீஸும் நீதிமன்றமும் இருந்ததால்தான் வட்டத்துக்கு வலு கிடைத்தது. வட்டம் இருந்ததால்தான் போலீஸுக்குப் போகவே பயந்தவர்கள் வாய் திறந்தார்கள். இதை முதலில் புரிந்துகொண்டவர்கள், 40 வருடங்களுக்கு முன்பு ஒரு ஏரிக்கரை ஊரில் ‘முதல்ல நாம பேசுவோம்’ என்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்த அந்தச் சில பெண்கள்.

(தமிழ்நாட்டில் வீட்டுக்குள் வன்முறையைச் சந்திக்கும் பெண்கள் 181 என்ற உதவி எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம்.)