தீவு வாழ்க்கையும் ஆபத்துக்காலப் பையும்



பெருநிலத்தில் வாழ்வோருக்கும் தீவில் வாழ்வோருக்கும் உள்ள வேற்றுமை அமைதியான நாட்களில் அவ்வளவாகத் தெரிவதில்லை. கப்பல் வருகிறது, விமானம் வருகிறது, அரிசியும் பருப்பும் கடையில் கிடைக்கின்றன. தமிழகத்திலிருந்து பிழைப்பு நாடி அந்தமானுக்கு வந்து, இரண்டு மூன்று தலைமுறைகளாக இங்கேயே வேர் ஊன்றிவிட்ட குடும்பங்கள் பல உள்ளன. அவர்களுக்கு இது மற்றோர் ஊராகவே தோன்றும். எனினும், ஒரு பெரும் புயலோ நிலநடுக்கமோ ஏற்படும்பொழுது, சென்னைக்கும் நமக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல் கிடக்கிறது என்ற உண்மை உடனே விளங்கிவிடும். உதவி வரும், ஆனால் அது கடலைக் கடந்துதான் வர வேண்டும். அது வரும் வரையில் குடும்பத்தைக் காப்பதற்கு நம் வீட்டில் என்ன இருக்கிறது என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

இத்தீவுகள் இயற்கையின் சீற்றத்தைப் பலமுறை கண்டவை. 1881ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் கார் நிக்கோபார் அருகே நிகழ்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த கடல் அலை, வங்கக் கடலைக் கடந்து நாகப்பட்டினத்துத் துறைமுகக் கருவியிலும் பதிவாயிற்று. 1941ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் ஏற்பட்ட மற்றொரு பெரும் நடுக்கம் போர்ட் பிளேரில், அதாவது 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என வழங்கும் நகரில், பல கட்டடங்களைச் சேதப்படுத்தியது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலும் தெற்கு அந்தமான் கடலில்தான் தாழ்வு மண்டலமாகப் பிறந்தது. தமிழகத்தின் கரையும் இத்தீவுகளின் கரையும் ஒரே கடலுக்கு உரியவை என்பதை இந்நிகழ்ச்சிகள் நமக்கு நினைவூட்டுகின்றன.

இவை யாவற்றினும் கொடியது 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை வந்தது. சுமத்ராவின் வட மேற்கே தொடங்கிய நிலப்பிளவு, நிக்கோபார் தீவுகளின் அடியிலும் அந்தமானின் அடியிலும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்டு சென்றது. சென்னைக் கரையை அலை அடைவதற்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆயிற்று. நிக்கோபார் மக்களுக்கோ சில நிமிடங்களே கிடைத்தன. பெரிய நிக்கோபாரின் தென்முனையாகிய இந்திரா முனையில் நிலம் நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்துபோக, கரையில் நின்ற கலங்கரை விளக்கம் கடல் நீருக்குள் நிற்கலாயிற்று. கச்சால் தீவு பேரழிவுக்கு உள்ளாயிற்று. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் ரப்பர்த் தோட்டத் தொழிலாளராகக் குடியமர்த்தப்பட்ட தீவு அது. பல தீவுகளில் படகுத்துறைகள் உடைந்தமையால், உயிர் தப்பியவர்களிடம் உணவும் நீரும் கொண்டு சேர்ப்பதே பெரும்பாடாயிற்று.

அந்நாளின் படிப்பினைகள் இரண்டு. முதலாவது, ஓடித் தப்ப வேண்டிய ஆபத்து உண்டு. இரண்டாவது, தப்பியபின் பொறுத்திருக்க வேண்டிய காலமும் உண்டு. ஆகையால் ஒவ்வொரு குடும்பத்திற்கும் இரண்டு வகை ஆயத்தங்கள் தேவை. ஒன்று கையோடு எடுத்துச் செல்லும் பை. மற்றொன்று வீட்டில் வைக்கும் சேமிப்பு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வோர் பலர். தூக்க முடியாத பெரிய பெட்டி ஒன்றை நிரப்பிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஆயத்தமாகிவிட்டோம் என்று எண்ணுவது பயன் தராது.

முதலில் வீட்டுச் சேமிப்பைக் கவனிப்போம். இது பெரும்பாலும் புயலுக்கும் தொடர் மழைக்கும் உரியது. 2016 டிசம்பரில் வர்தா புயலின் தொடக்க நாட்களில், அன்று ஹேவ்லாக், நீல் எனப்பட்ட தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் கப்பலின்றிச் சிக்கிக்கொண்டதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கடல் கொந்தளிக்கும்பொழுது கப்பல் நிற்கும். கப்பல் நின்றால் கடை அலமாரி விரைவில் காலியாகும்.

சேமிப்பில் முதலிடம் தண்ணீருக்கு உரியது. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஆள் ஒன்றுக்கு நாள்தோறும் மூன்று லிட்டர் என்று கணக்கிடுக. ஐந்து பேர் உள்ள குடும்பத்திற்கு மூன்று நாளைக்கு 45 லிட்டர் ஆகும். தீவின் தொலைவைக் கருதி ஒரு வாரத்திற்கு வைப்பதாயின் 105 லிட்டர் வேண்டும். மூடியுள்ள பிளாஸ்டிக் கேன்கள் இதற்கு ஏற்றவை. ஆண்டுதோறும் ஏராளமாக மழை பெறும் இத்தீவுகளிலும் கோடையில் குழாய் நீர் முறை வைத்து விடப்படுவதை நாம் அறிவோம்; எனவே இப்பழக்கம் நமக்குப் புதிதன்று. கேன் நீர் தீர்ந்து, கலங்கிய நீரையே பயன்படுத்த நேர்ந்தால், நான்காக மடித்த பருத்தித் துணியில் முதலில் வடிகட்டுக. பின்னர் நன்றாகக் கொதித்துப் புரளும் நிலையில் ஒரு நிமிடமாவது வைத்திருந்து ஆறவிடுக. விறகோ எரிவாயுவோ இல்லாத வேளையில் குளோரின் மாத்திரை உதவும். அதன் உறையில் கண்ட அளவுப்படி இட்டு, அரை மணி நேரம் கழித்தே அருந்த வேண்டும்.

உணவைப் பொறுத்தவரையில் அயல்நாட்டு டப்பாக்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. நம் பாட்டிமார் கட்டுச்சோற்று மூட்டையில் வைத்தவற்றுள் பல இதற்குப் பொருந்தும். அவல், பொரிகடலை, வறுத்த வேர்க்கடலை, வெல்லம், சத்துமாவு ஆகியவை அடுப்பின்றி உண்ணத்தக்கவை. அவற்றை ஈரம் புகாத டப்பாவில் அடைத்தல் வேண்டும். இங்குள்ள ஈரக்காற்றில் திறந்து வைத்த பொருள் விரைவில் பூசணம் பிடிக்கும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலே பாதுகாப்பான உணவு. கழுவ நல்ல நீர் கிடைக்காத நாட்களில் பால் புட்டி நோயை வரவழைக்கும்.

இனி, கையில் எடுக்கும் பை. தோளில் மாட்டும் பையாக இருப்பின் இரு கைகளும் ஓய்வாக இருக்கும். ஒரு கையில் குழந்தையையும் மறு கையில் முதியவரையும் பற்றிக்கொள்ளலாம். அதைச் சுமப்பவர் மேடேறி ஓடக்கூடிய எடையே அதற்கு எல்லை. ஆளுக்கு ஒரு லிட்டர் நீர், ஒரு வேளைக்கான உலர் உணவு, டார்ச் விளக்கு, பாட்டரியில் இயங்கும் சிறிய வானொலிப் பெட்டி, மாற்றுப் பாட்டரிகள், ஓர் ஊதல், தீப்பெட்டி, கத்தி, கயிறு, மெல்லிய தார்ப்பாய், ஒரு போர்வை, பெண்களுக்குரிய மாதவிடாய்த் துணிகள் ஆகியவை அதில் இருத்தல் வேண்டும். இடிபாட்டில் சிக்கியவரின் குரல் சிறிது நேரத்தில் ஓய்ந்துவிடும். ஊதல் ஒலியோ மூச்சுள்ளவரை கேட்கும். கைப்பேசி இருக்க வானொலி எதற்கு என்று இளைஞர் கேட்கலாம். மின்சாரம் தடைப்பட்டால் கைப்பேசிக் கோபுரங்கள் சில மணி நேரத்தில் செயலிழக்கக்கூடும். அப்பொழுது அரசின் அறிவிப்பைக் கேட்கச் சிறிய வானொலியே துணை.

மருந்துகளைத் தனி உறையில் வைக்குக. இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கு நாள்தோறும் மருந்து உட்கொள்வோர் ஒரு வாரத்திற்கு உரியதையும் மருத்துவர் எழுதிய சீட்டின் நகலையும் வைத்திருக்க வேண்டும். இன்சுலின் மருந்தைக் குளிர்ப்பெட்டி இல்லாத நாட்களில், ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் சிறு கலத்தில் வைத்து நிழலில் காக்கலாம். பஞ்சு, கட்டுத்துணி, கிருமிநாசினி, உப்புச் சர்க்கரைப் பொட்டலங்கள் ஆகியவையும் வேண்டும். பொட்டலம் இல்லையெனில், ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு மட்டக் கரண்டிச் சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். இங்குக் கரண்டி எனப்படுவது தேக்கரண்டி. உப்பு இந்த அளவுக்கு மேல் போகலாகாது.

அடுத்தது ஆவணங்கள். குடும்ப அட்டை, ஆதார், தீவுவாசி அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், நிலப் பத்திரம், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை நீர் புகாத பிளாஸ்டிக் உறையில் இட்டுப் பையில் சேர்க்க. ஊர் பெயர்ந்து வந்தோருக்கு இது மிகவும் இன்றியமையாதது. சொந்தக் கிராமத்தில், “இவர் இன்னார் மகன்” என்று சொல்ல நாலு பேர் இருப்பர். வந்த ஊரில் காகிதமே நமக்காகப் பேசும். அவ்வுறையிலேயே சிறு நோட்டுகளாகக் கொஞ்சம் பணமும் இருக்கட்டும். இணையம் நின்ற நாளில் கைப்பேசிப் பணம் செல்லாது.

பொருள்களைச் சேர்த்துவிட்டால் மட்டும் போதாது; குடும்பத்தார் கலந்து பேசி ஓர் ஏற்பாட்டையும் வகுத்துக்கொள்ள வேண்டும். பையைச் சுமப்பவர் யார், தாத்தாவின் கையைப் பிடிப்பவர் யார், பிள்ளைகள் பள்ளியில் இருக்கும்பொழுது ஆபத்து வந்தால் எங்கே கூடுவது என்பவற்றை முன்னரே முடிவு செய்க. தமிழகத்தில் உள்ள உறவினர் ஒருவரைச் செய்தி மையமாக அமைத்துக்கொள்வது நன்று. உள்ளூரில் ஒருவரையொருவர் அழைக்க முடியாதபொழுதும் வெளியூருக்கு ஒரு குறுஞ்செய்தி சென்றுவிடக் கூடும். ஒவ்வொருவரும் அவருக்கே தம் நலத்தைத் தெரிவித்தால், பிரிந்த குடும்பம் அவர் வழியாக ஒன்று சேரலாம். அவரது எண்ணை எழுதிய சீட்டு ஒவ்வொரு குழந்தையின் சட்டைப் பையிலும் இருக்கட்டும். அவசர உதவிக்குரிய 112 என்ற எண்ணையும் அவர்களுக்குக் கற்பிக்க.

இவ்வளவும் கூறியபின், இவையனைத்திலும் முக்கியமான ஒன்றைக் கூற வேண்டும். கரையோரத்தில் வாழ்வோர், நிற்க இயலாதபடி நிலம் குலுங்கினாலும், குலுக்கம் நெடுநேரம் நீடித்தாலும், கடல் திடீரென உள்வாங்கினாலும், பை கைக்கெட்டும் தொலைவில் இல்லையெனில் அதை மறந்துவிட்டு மேட்டுக்கு ஓட வேண்டும். ஐதராபாத்தில் 2007 முதல் இயங்கிவரும் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் சில நிமிடங்களில் செய்தி அனுப்பும். ஆயினும் அண்மையில் எழும் அலை அதற்குள்ளேயே வந்துவிடக்கூடும். நிலத்தின் குலுக்கமே நமக்கு முதல் எச்சரிக்கை. 2004இல் சுமத்ராவை அடுத்த சிமெலுவே தீவில் ஏறத்தாழ எழுபத்தெண்ணாயிரம் மக்களுள் ஏழு பேரே மாண்டனர். 1907இல் வந்த அலையைப் பற்றித் தம் முன்னோர் சொல்லி வைத்த கதையை நினைவிற்கொண்டு, நிலம் நடுங்கியதும் அவர்கள் குன்றேறினர். சிறிய அந்தமானில் வாழும் ஓங்கி மக்களும் அவ்வாறே உயர்ந்த இடம் சென்று உயிர் பிழைத்தனர். அலை ஒன்றோடு நிற்பதில்லை, அடுத்தடுத்து வரும். பொருளெடுக்கத் திரும்பி வருவோரை இரண்டாவது அலை பற்றிக்கொள்ளும். அரசு அறிவிக்கும் வரையில் இறங்கலாகாது. இக்காரணத்தாலேயே, பை வாயிற்கதவின் பக்கத்தில் ஆணியில் தொங்க வேண்டும் என்கிறோம்.

மற்ற மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கும் இவற்றுள் பெரும்பகுதி பொருந்தும். 2005 ஜூலை 26ஆம் நாள் மும்பையின் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. 2001 ஜனவரி 26ஆம் நாள் குஜராத்தின் கட்ச்சில் நிலம் அதிர்ந்தது. கடல் நடுவில் இல்லாத ஊரும் சில நாட்களுக்குத் தீவாகிவிடக்கூடும்.

இறுதியாக, சேர்த்த பொருளைப் புதுப்பித்தல் பற்றி ஒரு சொல். ஜப்பானியர் 1923ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்தின் நினைவாகச் செப்டம்பர் முதல் நாளைப் பேரிடர்த் தடுப்பு நாளாகக் கொண்டு ஒத்திகை நடத்துகின்றனர். நமக்கும் அத்தகைய நாட்கள் உள்ளன. சித்திரை முதல் நாள் பருவமழைக்குச் சற்று முன்னதாக வருகிறது; ஆயுத பூஜை, புயல்கள் மிகும் மாதங்களையொட்டி வருகிறது. அவ்விரு நாட்களிலும் பையைப் பிரித்து, பழைய அவலையும் வெல்லத்தையும் வீட்டில் பயன்படுத்திவிட்டுப் புதியவற்றை வைக்கலாம். நீரை மாற்றலாம், மருந்தின் காலக்கெடுவைப் பார்க்கலாம், வளர்ந்த குழந்தையின் சட்டைக்குப் பதில் பெரிய சட்டை வைக்கலாம். அரிவாளுக்கும் தையல் இயந்திரத்துக்கும் பொட்டிடும் நாளில் டார்ச் விளக்குக்கும் வானொலிக்கும் ஒரு பொட்டிட்டு, அவை வேலை செய்கின்றனவா என்றும் பார்த்துவிட்டால், அவ்வாண்டுப் பூசை முழுமை பெறும்.