ஓடுகிற பிள்ளையின் பசி

"மாமா, சாப்பிட்டு எழுந்து ஒரு மணி நேரம் ஆகவில்லை, மறுபடியும் பசிக்கிறது. 'வயிற்றில் ஓட்டையா?' என்று அம்மா கேட்கிறார்கள்."

ராபர்ட்சன்பேட்டைக்குப் போயிருந்தபோது என் தங்கை மகன் சொன்ன புகார் இது. நெடுந்தூர ஓட்டத்துக்காக விடியற்காலையில் சயனைட் மேடுகளின் ஓரமாக 15 கிலோமீட்டர் ஓடுகிறான். வந்ததும் ஒரு டம்ளர் காபி. உடனே பெங்களூர் ரயில். பகலில் ஒரு டப்பா சோறு. இரவில் பசி பொறுக்காமல் பிஸ்கெட்டும் பஜ்ஜியும். மூன்றே மாதத்தில் நான்கு கிலோ இளைத்துவிட்டான்.

அவனுடைய தாத்தா சாம்பியன் ரீப் சுரங்கத்தில் உழைத்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம், பாறையே கொதிக்கும் சூடு. 2001 பிப்ரவரி 28-இல் கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. ஆனால் அந்தக் காலச் சாப்பாட்டைப் பாட்டி மறக்கவில்லை. "ஷிப்டுக்கு முன்னால் இரண்டு உருண்டை கேழ்வரகுக் களி, அவரைக்கொட்டைக் குழம்பு. வெறும் வயிற்றோடு அனுப்பமாட்டோம்" என்றார்.

பாட்டி சொன்னதில் கணக்கும் இருக்கிறது. ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 1 கிலோ கலோரி செலவாகும். 60 கிலோ உள்ளவன் 15 கிலோமீட்டர் ஓடினால் 900. ஏறத்தாழ பதினைந்து இட்லி! ஓடியவுடன் சிலருக்குப் பசி அடங்கிக் கிடக்கும்; மாலையிலோ மறுநாளோ பிடுங்கி எடுக்கும். ஓடாத நாளில் பசிப்பதும் இதனால்தான். அன்று பட்டினி போடக்கூடாது.

எனவே பசி வரும்வரை காத்திராமல் முந்திக்கொள்ள வேண்டும். ஓடுமுன் ஒரு வாழைப்பழம். முடித்த ஒரு மணி நேரத்துக்குள் மோர் விட்ட கேழ்வரகுக் கூழும் இரண்டு அவித்த முட்டையும், சைவர்களானால் சுண்டல். ரயிலுக்கு ஒரு பிடி வேர்க்கடலை. பகலில் சோற்றோடு கெட்டிப் பருப்பு, இரவில் களி. கடும் பயிற்சி செய்பவருக்கு எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் தேவை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். 100 கிராம் வேர்க்கடலையில் 25. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. பஜ்ஜியால் வயிறு நிறையும். இந்தத் தேவை நிறையாது.

பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எடை தொடர்ந்து குறைவது, தீராத அசதி, அடிக்கடி சளி, காய்ச்சல், எலும்பு வலி ஆகியவை உணவு போதவில்லை என்பதன் அறிகுறிகளாக இருக்கலாம். ஓடும் பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு நின்றுபோனால், 'பயிற்சியால் அப்படித்தான்' என்று விடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

சென்ற வாரம் தங்கை போன் செய்தாள். இப்போது ரயிலுக்கு இரண்டு டப்பா போகிறதாம், இளைப்பது நின்றுவிட்டதாம். பிழைக்கப் போன ஊரில் நம் பிள்ளைகள் விடிந்ததும் ஓடுகிறார்கள். அவர்கள் மறுபடியும் தட்டை நீட்டினால் கேலி செய்யாமல் பரிமாறுங்கள்.