பச்சையெல்லாம் காடன்று

ஜெயமங்கலத்து வயல்வரப்பில் நின்று வடமேற்கே பாருங்கள். பழனி மலைத்தொடர் பச்சைப் பசேலென்று எழுந்து நிற்கும். காடு செழித்திருக்கிறதென்று மகிழ்வீர்கள். சற்றுப் பொறுங்கள், வாசக நேயர்களே!

அம்மலையின் மேற்பரப்பில் ஒரு காலத்தில் பெரும்பகுதி புல்வெளியே. மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் சோலைக்காடு ஒதுங்கி நின்றது. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டும் நேரில் சென்றும் ஆராய்ந்தவர்களின் கட்டுரை 2018இல் வெளியாயிற்று. நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் 66 விழுக்காடும் சோலையில் 31 விழுக்காடும் மறைந்துவிட்டன என்றது அது. அவ்விடத்தைப் பிடித்தவை பெரும்பாலும் சீகை, தைலமரம், பைன் ஆகிய அயல்மரங்கள், ஓரளவு விவசாயம்.

ஆங்கிலேயர் புல்வெளியை வீண் நிலமென்று எண்ணினர். விடுதலைக்குப் பின்னும் அவ்வெண்ணம் நீங்கவில்லை. சீகைப் பட்டை தோல் பதனிட உதவுவது. ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் தோல் தொழிலோடு உறவுடைய குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ! வேறெவரோ செய்த பிழையென்று நாம் விலகிக்கொள்வதற்கில்லை.

வராக நதி இம்மலையில் பிறந்து, பெரியகுளத்தைக் கடந்து, ஜெயமங்கலத்திற்கு வருகிறது. மேலே புல் போனால் கீழே நீர் என்னாகும்? நீலகிரியில் சோதித்தார்கள். இரு நீர்ப்பிடிப்புகளில் ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றொன்றில் பாதிக்குமேல் தைலமரம் நட்டனர். முதல் பத்தாண்டுகளில் மரம் நட்ட பகுதியின் நீர்வரத்து சராசரியாக 16 விழுக்காடு குறைந்தது. அதே எண் இங்கும் பொருந்துமென்று சொல்லவில்லை. ஆனால் வயலுக்கு நீர் பாய்ச்சுவோர் அறிய வேண்டிய செய்தி அது.

ஏட்டுக் கணக்கோ வேறு. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் பத்து விழுக்காடு மரக்கவிகை இருந்தால் அரசின் வன அளவையில் அது காடு. சீகைத் தோப்பும் காடு, புல்வெளி காடன்று! புல் அழிந்து அயல்மரம் அடர்ந்தால் காடு பெருகியதாகவே கணக்கு வரும். வரையாடு ஏட்டைப் படித்துவிட்டா மேய்கிறது?

2013இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அமைந்தது. அயல்மரங்களை அகற்றிச் சோலையை மீட்க வேண்டுமென்ற குரலும் வலுத்திருக்கிறது. நல்ல எண்ணமே. எனினும் புல் இருந்த இடத்தில் சோலைமரம் நட்டால், அதுவும் பழைய பிழையே. சீகையை வெட்டினாலும் மண்ணில் கிடக்கும் விதைகள் பல்லாண்டு கழித்தும் முளைக்கும். எஞ்சிய புல்வெளிகளை முதலில் காக்க வேண்டும் என்பதே அவ்வாய்வாளர்களின் பரிந்துரை.

மரம் நடு விழாக்களுக்குப் பிள்ளைகளை அனுப்புகிறோம். வனத்துறை அனுமதியோடு மலைப் புல்வெளிக்கும் ஒருமுறை அனுப்புங்கள். அங்கே நடுவதற்கன்று, முளைவிட்ட சீகைக் கன்றுகளைப் பிடுங்குவதற்கு.