கழுத்தெலும்பு - 12: வாய்வழியா, பிடரிவழியா?

மண்டையோட்டின் அடியில் உள்ள பெருந்துளையையும், அதற்குள் கழுத்தெலும்பின் முனை பிறவியிலேயே ஏறி நிற்கும் ‘பேசிலார் இன்வாஜினேஷன்’ கோளாறையும் போன வாரம் பார்த்தோம். தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இவ்வளவு போதும்.

அறுவை முறைகளை ஒப்பிடுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன் இந்த வாரம் என்னைப் பிடித்துக்கொண்ட ஒரு விஷயம். கழுத்தின் முதல் எலும்பான அட்லஸ் வெறும் வளையம். மற்ற முள்ளெலும்புகளுக்கு நடுவில் கட்டையாக ஓர் உடல் இருக்கும், இதற்குக் கிடையாது. எங்கே போயிற்று? கருவிலேயே அது கீழே உள்ள ஆக்சிஸ் எலும்போடு போய்ச் சேர்ந்துகொள்கிறது. ஆக்சிஸின் உச்சியில் பல் போல நீட்டிக்கொண்டிருக்கும் ‘டென்ஸ்’ பிறப்பால் அட்லஸின் சொத்து! சின்னக் குழந்தையின் எக்ஸ்ரேயில் இரண்டும் சேரும் இடம் ஒரு கோடாகத் தெரியும். அடிபட்ட குழந்தையென்றால் அதை முறிவு என்று எண்ணிவிடும் ஆபத்து உண்டு. நுனியில் இன்னொரு துண்டு வேறு. அது ஒட்ட 12 வயது ஆகிவிடும். இத்தனை துண்டுகள் கூடும் இடத்தில் பிறவிக் கோளாறுகள் குவிவதில் வியப்பில்லை. இடம் மாறிய இந்த எலும்பை அச்சாகக் கொண்டுதான் அட்லஸ் சுழல்கிறது. நாம் தலையைத் திருப்புவதில் ஏறக்குறைய பாதி இந்த ஒரு மூட்டில்தான் நடக்கிறது. இதை நினைவில் வையுங்கள்.

மேலேறிய டென்ஸ் மூளைத்தண்டை முன்னாலிருந்து அழுத்தும். அதற்கு நேர் முன்னால் இருப்பது தொண்டையின் பின்சுவர். அதனால் வாய்வழியே போகத் தோன்றியது இயல்பு. 1917இலேயே சிகாகோவின் ஆலன் கனாவெல், மண்டையோட்டுக்கும் அட்லஸுக்கும் நடுவே தங்கிய துப்பாக்கிக் குண்டை வாய்வழியாக எடுத்ததை எழுதியிருக்கிறார். பின்னாளில் அயோவாவில் ஆர்னால்ட் மெனெசெஸும் லண்டனில் ஆலன் கிராக்கார்டும் இவ்வழியைச் செம்மைப்படுத்தினார்கள். தொண்டைச் சுவரைக் கீறி, அட்லஸின் முன்வளைவைக் குடைந்து, டென்ஸைச் சுழல்கருவியால் சன்னமாக்கி எடுத்துவிடுவார்கள். அழுத்தம் நேரடியாக நீங்கும். ஆனால் வாயில் கிருமிகள். மூளையுறை கிழிந்து திரவம் கசிந்தால் மூளைக்காய்ச்சல். சில நாள் குழாய்வழி உணவு. அச்சு போனதும் மூட்டு ஆடுமென்பதால், பெரும்பாலோருக்குப் பிடரிவழியே இன்னோர் அறுவையும் செய்து எலும்புகளைப் பிணைக்க வேண்டும். மூக்குவழி எண்டோஸ்கோப் வந்தபின் அண்ணமும் நாக்கும் தப்பின. பிணைக்கும் வேலை தப்பவில்லை.

மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் அதுல் கோயல் வேறு கேள்வி கேட்டார்: டென்ஸ் ஏன் மேலேறியது? அட்லஸ் - ஆக்சிஸ் மூட்டு சரிந்திருப்பதால் என்றால், மூட்டைச் சரிசெய்தால் டென்ஸ் தானே இறங்காதா? 1994இல் இந்த மூட்டைத் தகடும் திருகும் கொண்டு பிணைக்கும் முறையை வெளியிட்டவர், 2004இல் டென்ஸை வெட்டாமலே இறக்கும் முறையை எழுதினார்.

நோயாளியைக் குப்புறக் கிடத்திப் பிடரியைத் திறக்கிறார்கள். இரண்டாம் கழுத்து நரம்பின் முடிச்சு மூட்டை மறைத்துக் கிடக்கும். கோயல் அதை வெட்டிவிடுவார், தலையின் பின்புறம் கொஞ்சம் மரத்துப்போகும். ஓரத்திலேயே மூளைக்குப் போகும் தமனி. இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு அது இடம் மாறி ஓடுவதும் உண்டு என்பதால், ஸ்கேனில் அதன் பாதையை முன்கூட்டியே பார்த்துவைக்க வேண்டும். மூட்டைப் பிளந்து, குருத்தெலும்பைச் சுரண்டி, எலும்புத் துகளோடு டைட்டானியத் துண்டைச் செருகுகிறார்கள். மூட்டு விரிய விரிய ஆக்சிஸ் கீழே போகிறது. டென்ஸும் கூடவே இறங்குகிறது. ஒரே அறுவை, வாய்க்கிருமி பயமில்லை. விலை, முன்பு சொன்ன அந்தப் பாதிச் சுழற்சி. வாய்வழி போய்ப் பிறகு பிணைத்தாலும் அதே விலைதான் என்பதால், மூட்டு விரிந்துகொடுக்கும் நோயாளிக்குப் பிடரிவழியே மேல் என்பது என் உறுதியான எண்ணம். மூட்டே இல்லாமல் எலும்பாக ஒட்டிப்போனவர்களில் சிலருக்கு இன்றும் முன்வழி தேவைப்படும்.

கோயல் இதோடு நிற்கவில்லை. சிறுமூளையின் அடிப்பகுதி பெருந்துளை வழியே கீழிறங்கும் ‘கியாரி’ கோளாறுக்கும் இந்த மூட்டின் ஆட்டமே காரணம், அங்கேயும் பிணைப்பதே மருந்து என்று 2015இல் எழுதினார். உலகின் பெரும்பாலான நரம்பியல் அறுவை மருத்துவர்கள் இதை ஏற்கவில்லை. பின்மண்டை எலும்பில் ஒரு பகுதியை நீக்கி இடம் தருவதே அவர்கள் வழி. எலும்போடு நிறுத்துவதா, மூளையுறையையும் திறந்து ஒட்டுப்போடுவதா என்று அவர்களுக்குள்ளேயே தனி வழக்கு நடக்கிறது. அந்த வழக்கு அடுத்த இதழில்.